ஒரு பிடி அரிசியும் கடல் தாண்டும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பயிற்சிக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



மாதாமாதம் இந்த இடத்தில் தவணை, சந்தா, வங்கி இணைப்பு, தரம் பிரித்தல் என்றுதான் பேசுகிறோம். இன்னைக்கு அதையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். உலகத்தில் நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பங்கள், முகம் தெரியாத வேற்று நாட்டு ஏழைக் குடும்பத்துக்கு எப்படிச் சின்னச் சின்ன வழியில் கை கொடுக்கிறார்கள் என்று பேசுவோம். அதில் எது உண்மையாகவே உதவுகிறது, எது உதவி என்ற பெயரில் பாரமாகிறது என்றும் பார்ப்போம்.

"நாமே கடன் வாங்கிப் பொழைக்கிறவங்க. நமக்கு எதுக்குங்க இந்தப் பேச்சு?" என்று சில குழுக்களில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு இரண்டு பதில் இருக்கிறது.

ஒன்று, நாம் அந்த உதவியின் வழியாக வந்தவர்கள். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களை அரசு முதன்முதலாகத் திட்டமாகத் தொடங்கியது 1989-இல், தருமபுரி மாவட்டத்தில். அதற்குத் துணை நின்றது ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்த பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியம். அந்த நிதியத்துக்குப் பல நாட்டு அரசுகள் பணம் தருகின்றன. அவற்றில் பல நாடுகளில் அது உழைக்கும் குடும்பங்கள் கட்டிய வரிப்பணம். எங்கேயோ ஒரு தச்சரும் ஒரு பள்ளி ஆசிரியையும் கட்டிய பணத்தில் ஒரு துளி, தருமபுரிப் பெண்களின் நோட்டுப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இரண்டாவது பதில் இன்னும் முக்கியம். கடன் என்றால் என்ன, தவணை என்றால் என்ன, வாரக் கூட்டத்துக்குக் கையில் பணம் இல்லாமல் வரும்போது மனசு என்ன பாடுபடும் என்பது கொடுக்கிற பலருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அதனால் இந்த விஷயத்தில் நாம் சொல்வதற்கும் நிறைய இருக்கிறது.

பிடி அரிசியும் அட்டைப் பெட்டியும்

உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடும் வழக்கம் நம் அம்மா, பாட்டி காலத்திலிருந்தே உண்டு. கோயிலுக்கோ, அன்னதானத்துக்கோ, இல்லாதவர்களுக்கோ அது போகும். நம்முடைய பல குழுக்கள் தொடங்கியதும் பிடி அரிசியில்தான். பணம் சேமிக்க வழி இல்லாதவர்கள் அரிசி சேமித்தார்கள்.

நாட்டின் வடகிழக்கு மூலையில் உள்ள மிசோரமிலும் இதே வழக்கம் இருக்கிறது. அங்கே கிறிஸ்தவக் குடும்பங்களில் பெண்கள் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கிறார்கள். 1910-இல் தொடங்கியது, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. சேரும் அரிசியைத் திருச்சபை விற்றுப் பொதுப் பணிகளுக்குப் பயன்படுத்துகிறது. மலைக் கிராமத்தில் அன்று கையில் காசு கிடையாது. ஆனால் அடுப்பும் அரிசியும் பெண்கள் கையில் இருந்தன. அதையே அவர்கள் நன்கொடை ஆக்கினார்கள்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். 1975-இல், ஆப்பிரிக்காவில் பஞ்சம் வாட்டிய நேரம். பென்சில்வேனியா மாநிலத்தில் ஆலன்டவுன் என்ற ஊரில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஈஸ்டருக்கு முன் வரும் 40 நாள் தவக்காலத்தில், சில நாள் எளிய சாப்பாடு சாப்பிடுவது. அதில் மிச்சமாகும் காசைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கும் ஒரு அட்டைப் பெட்டியில் போடுவது. அதற்கு 'அரிசிக் கிண்ணம்' என்று பெயர். அந்த ஊரில் தொடங்கியது பின்னர் அமெரிக்கா முழுவதும் பரவியது. கிடைக்கும் பணத்தில் நான்கில் மூன்று பங்கு வெளிநாட்டு ஏழைகளுக்குப் போகும். ஒரு பங்கு அந்தந்த ஊர்ப் பகுதியிலேயே பசி தீர்க்க நிற்கும்.

இந்தக் கடைசிச் செய்தியைக் கவனியுங்க. "பக்கத்து வீடு பட்டினி கிடக்க, பக்கத்து நாட்டுக்கு அனுப்புவதா?" என்று யாரும் கேட்பார்கள். அவர்கள் அந்தக் கேள்விக்குச் சண்டை போடாமல் கணக்கிலேயே பதில் சொல்லிவிட்டார்கள். மூன்று பங்கு தூரத்துக்கு, ஒரு பங்கு பக்கத்துக்கு.

குழந்தைகளும் இதில் உண்டு. நம் ஊரில் புரட்டாசிச் சனிக்கிழமை பிள்ளைகள் நாமம் போட்டு, சொம்பு எடுத்துக்கொண்டு, கோவிந்தா என்று வீடு வீடாக அரிசிக்குப் போவார்கள் இல்லையா? அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அக்டோபர் 31 இரவு அப்படி ஒரு நாள். வேடம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். 1950-இல் பிலடெல்பியாவில் ஒரு போதகர் குடும்பம், மிட்டாயோடு சேர்த்து உலகக் குழந்தைகளுக்கும் காசு கேட்கலாமே என்று பிள்ளைகளிடம் பால் அட்டைப் பெட்டிகளைக் கொடுத்து அனுப்பியது. அந்த முதல் வருடம் சேர்ந்தது 17 டாலர். அது ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமான யூனிசெஃபுக்குப் போனது. அந்த 17 டாலரில் தொடங்கிய பழக்கம் நாடு முழுவதும் பரவி, தலைமுறை தலைமுறையாக நடக்கிறது.

இந்த மூன்றுக்கும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. மிஞ்சினால் கொடுப்போம் என்று யாரும் காத்திருக்கவில்லை. சமைக்கும் முன்னே எடுத்து வைத்தார்கள். மிஞ்சினால் சேமிப்போம் என்று இருந்திருந்தால் நம் குழுவில் ஒரு ரூபாயும் சேர்ந்திருக்காது என்பது நமக்குத் தெரியாததா?

பால் கொடுப்பதா, பசு கொடுப்பதா?

1930-களில் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர். அங்கே நிவாரண வேலைக்குப் போன அமெரிக்க விவசாயி டான் வெஸ்ட், பசியோடு நிற்கும் குழந்தைகளுக்குப் பால் அளந்து ஊற்றினார். பால் கொஞ்சம்தான், வரிசையோ நீளம். இன்னைக்கு ஒரு கோப்பை கொடுத்தால் நாளைக்கு யார் கொடுப்பது? பாலுக்குப் பதில் பசுவையே கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஊர் திரும்பி விவசாயக் குடும்பங்களிடம் பேசினார். 1944-இல் முதல் தொகுதிக் கிடாரிகள் போர்ட்டோ ரிக்கோ தீவுக்குக் கப்பலில் போயின. அப்படிப் பிறந்ததுதான் 'ஹெய்ஃபர்' என்ற அமைப்பு. கிடாரி என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள்.

இதில் ஒரு விதி உண்டு. மாடோ ஆடோ வாங்கிய குடும்பம், அது ஈனும் முதல் பெண் கன்றை இன்னொரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் வாரத்துக்கு ஆடு விடுவோமே, அது மாதிரி. ஆனால் வாரத்தில் குட்டியில் ஒரு பங்கு ஆட்டுக்காரருக்கே திரும்பும். இங்கே குட்டி மூன்றாவது வீட்டுக்குப் போகிறது. நேற்று வாங்கியவள் இன்று கொடுப்பவள் ஆகிவிடுகிறாள். ஊரில் அவளுக்கு ஒரு மரியாதை வருகிறது. வாங்கிக்கொண்டே இருந்தால் அந்த மரியாதை வராது.

இதில் சின்னக் குடும்பங்களும் சேர வழி உண்டு. முழு ஆட்டுக்குப் பணம் இல்லாதவர்கள் ஒரு பங்குக்கு மட்டும் கொடுக்கலாம். பிறந்தநாள், பண்டிகைக்குப் பரிசு வாங்கும் காசை 'உன் பெயரில் ஒரு ஆட்டில் ஒரு பங்கு' என்று மாற்றிக் கொடுக்கும் வழக்கமும் பல வீடுகளில் இருக்கிறது.

ஆனால் நாம் மாடு வளர்ப்பவர்கள். நமக்குச் சில கேள்வி எழும். தீவனம் யார் தருவது? கோடையில் தண்ணீர் எங்கே? மாட்டுக்கு ஊசி போட டாக்டர் எத்தனை மைல்? வறண்ட ஊரில் கறவை மாடு கொடுத்தால் அது உதவி இல்லை, தண்டனை. அதனால்தான் நல்ல அமைப்புகள் முதலில் பயிற்சி கொடுத்து, கொட்டகையும் தீவனமும் தயாராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கால்நடையைக் கொடுக்கின்றன.

கேட்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கொடுத்தவர்கள் மனசு நல்ல மனசுதான். ஆனால் மீனவக் குடும்பங்களுக்கு அப்போது தேவைப்பட்டது அது இல்லை. துணி சாலை ஓரமாகக் குவிந்து கிடந்தது. அதை அள்ளி அப்புறப்படுத்துவதே ஒரு வேலை ஆனது. என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தச் செலவும் உழைப்பும் உருப்படியாகி இருக்கும்.

25 டாலர் கடன்

அடுத்தது கடன். இங்கேதான் நம் பாடம் வருகிறது.

1976-இல் வங்கதேசத்தில் சிட்டகாங் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் ஜோப்ரா என்ற கிராமம். பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் அங்கே மூங்கில் முக்காலி பின்னும் ஒரு பெண்ணிடம் கணக்குக் கேட்டார். மூங்கில் வாங்க 5 டாக்கா அவளிடம் இல்லை. வியாபாரியிடம் வாங்குவாள். பின்னிய முக்காலியை அவனுக்கே விற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். நாள் முழுவதும் உழைத்து அவளுக்கு நின்றது 50 பைசா. இப்படி வியாபாரிகளிடம் சிக்கிய 42 பேரின் கடனைக் கூட்டிப் பார்த்தால் மொத்தமே 856 டாக்கா, அதாவது 27 டாலர். யூனுஸ் அதைத் தன் பையிலிருந்து கொடுத்தார். அதுதான் விதை. 1983-இல் கிராமீன் வங்கி உருவானது. 2006-இல் யூனுஸுக்கும் அந்த வங்கிக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. தொடக்கத்தில் வெளிநாட்டு உதவி வாங்கிய அந்த வங்கி, 1990-களின் நடுவில் இனி நன்கொடை வேண்டாம் என்று முடிவெடுத்தது. உறுப்பினர்களின் சேமிப்பும் பொதுமக்களின் வைப்புத் தொகையுமே போதும் என்ற நிலைக்கு வந்தது.

யூனுஸின் பேச்சைக் கேட்டு ஊக்கம் பெற்றவர்களில் ஒரு அமெரிக்க இளம் தம்பதியும் உண்டு. ஜெசிகா ஜாக்லியும் மேட் பிளானரியும் 2005-இல் 'கிவா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முதல் கடன்கள் உகாண்டாவில் சிறு வியாபாரம் செய்யும் சிலருக்குப் போயின. ஆடு வளர்ப்பவர், மீன் விற்பவர் என்று நம்மைப் போன்றவர்கள்தான்.

ஏற்பாடு இப்படி. கணினியில் கடன் கேட்பவரின் படமும் விவரமும் இருக்கும். பெருவில் ஒரு கம்பளி நெய்பவர், கென்யாவில் ஒரு காய்கறிக்காரர். பார்க்கும் குடும்பம் 25 டாலரிலிருந்து போடலாம். நம் காசுக்கு 2,000 ரூபாய்க்குச் சற்று மேல். பலர் போட்ட 25-கள் சேர்ந்து ஒரு கடன் ஆகும். கடன் திரும்பினால் அந்த 25 டாலர் போட்டவருக்கே திரும்பும். வட்டி கிடையாது. அதை எடுத்துக்கொள்ளலாம், அல்லது இன்னொருவருக்குப் போடலாம். பெரும்பாலோர் மறுபடி போடுகிறார்கள். ஒரே 25 டாலர் இந்த வருடம் பெரு, அடுத்த வருடம் கென்யா, அதற்கடுத்து பிலிப்பைன்ஸ் என்று சுற்றுகிறது. நம் சுழல் நிதி உலகம் சுற்றினால் எப்படி இருக்கும், அப்படி. இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் இப்படிக் கடனாகப் போயிருக்கிறது. நூற்றுக்கு 95-க்கு மேல் திரும்பியும் இருக்கிறது.

அமெரிக்காவில் பல வீடுகளில் பெற்றோர் பிள்ளைகளை உட்கார வைத்து, "யாருக்குக் கொடுக்கலாம், நீயே சொல்" என்று தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். பள்ளி வகுப்புகள் சேர்ந்து கடன் கொடுக்கின்றன. உலகப் படத்தில் அந்த நாடு எங்கே என்று பிள்ளைகள் தேடிப் பார்க்கிறார்கள். இதெல்லாம் நல்ல விஷயம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆனால் படத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது? நாம் கடன் வாங்கிய அனுபவத்தோடு பார்ப்போம்.

முதல் செய்தி. படத்தில் இருக்கும் பெண்ணுக்கு நம் 25 டாலர் நேராகப் போவதில்லை. அந்த ஊரில் உள்ள சிறுகடன் நிறுவனம் பெரும்பாலும் முன்னாலேயே அவளுக்குக் கடன் கொடுத்துவிட்டிருக்கும். குடும்பங்கள் போடும் பணம் அந்த நிறுவனத்தின் பெட்டியை மறுபடி நிரப்புகிறது. 2009-இல் இந்த விஷயம் வெளியே பெரிதாகப் பேசப்பட்டது. நேருக்கு நேர் கொடுப்பதாக நினைத்திருந்த பலர் திகைத்தார்கள். அதன் பிறகு கிவா தன் ஏற்பாட்டைத் தெளிவாகச் சொல்ல ஆரம்பித்தது.

இரண்டாவது, வட்டி. பணம் போட்டவருக்கு வட்டி இல்லை என்றால் வாங்கியவளுக்கும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளூர் நிறுவனம் வட்டி வாங்குகிறது. பல இடங்களில் வருடத்துக்கு 20, 30 சதவீதம், சில நாடுகளில் அதற்கும் மேல். ஏன் இவ்வளவு? 5,000 ரூபாய்க் கடனுக்கும் 5 லட்ச ரூபாய்க் கடனுக்கும் வீடு தேடிப் போகும் அலைச்சல் ஒன்றுதான். அலுவலகம், சம்பளம், பயணம், திரும்பாத கடன் எல்லாம் வட்டியில் சேர்கிறது.

நம் குழுவில் நூற்றுக்கு ஒரு வட்டி, ஒன்றரை வட்டி என்று உள்கடன் தருகிறோம். அதாவது வருடத்துக்கு 12, 18 சதவீதம். நம்மால் எப்படி முடிகிறது? ஊக்குநரும் பிரதிநிதியும் தங்கள் நேரத்தைக் கொடுக்கிறார்கள். கூட்டம் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. அதைவிடப் பெரிய வித்தியாசம், நாம் கட்டும் வட்டி நம் பெட்டிக்கே திரும்புகிறது. வெளி நிறுவனத்துக்குக் கட்டும் வட்டி வெளியே போய்விடுகிறது.

பணம் போடும் குடும்பங்களும் சும்மா இருக்கவில்லை. கிவா நெடுநாள் உள்ளூர் நிறுவனங்களிடம் கட்டணம் வாங்காமல் நடத்தியது. பிறகு கட்டணம் வாங்கத் தொடங்கியது. அந்தச் சுமை கடைசியில் கடன் வாங்கும் ஏழையின் தலையில்தானே விழும் என்று கேட்டு, 2021-இல் பணம் போடுபவர்களில் ஒரு பகுதியினர் புதுக் கடன் தருவதை நிறுத்திப் போராடினார்கள். கொடுத்தோம், மறந்தோம் என்று இல்லாமல், கொடுத்த பணம் என்ன ஆகிறது என்று கேட்டார்களே, அது பாராட்ட வேண்டியது.

மூன்றாவது, கடன் வறுமையை ஒழிக்குமா? இந்தியா, மெக்சிகோ, மொராக்கோ, எத்தியோப்பியா, மங்கோலியா, போஸ்னியா ஆகிய 6 நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015-இல் ஒன்றாக வெளியாயின. இந்திய ஆய்வு ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளில் நடந்தது. அதை நடத்தியவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். ஆய்வுகள் சொன்னது இதுதான்: சிறுகடனால் கொஞ்சம் நன்மை உண்டு. சிலர் தொழிலைப் பெருக்கினார்கள். ஆனால் சராசரிக் குடும்பத்தின் வாழ்க்கை தலைகீழாக மாறிவிடவில்லை.

நமக்கு இது புதுசா? கடன் வாங்கித் தையல் மிஷின் போட்டு முன்னுக்கு வந்தவரும் நம்மில் உண்டு. கடன் வாங்கி ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போய், அந்தத் தவணைக்கு இன்னொரு கடன் வாங்கியவரும் உண்டு. ஒரே மருந்து எல்லா நோய்க்கும் கேட்காது.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை 2010-இல் ஆந்திரத்தில் பார்த்தோம். ஒரே வீட்டுக்கு மூன்று, நான்கு நிறுவனங்கள் கடன் கொடுத்தன. வசூல் நெருக்கடியால் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்தன. அந்த அக்டோபரில் அந்த மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. தமிழ்நாட்டிலும் கடன் கொடுக்கும் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் சட்டம் வந்திருக்கிறது. வீட்டு வாசலில் நின்று அவமானப்படுத்தித்தான் கடன் திரும்புகிறது என்றால், அந்தப் பணம் எவ்வளவு நல்ல மனசிலிருந்து வந்திருந்தாலும் அது நல்ல பணமாக இருக்காது.

மூன்று பூட்டுப் பெட்டி

இனி நமக்கு மிகவும் பிடிக்கப் போகிற கதை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் பல அமைப்புகள் சேர்ந்து 1945-இல் 'கேர்' என்ற அமைப்பை உண்டாக்கின. குடும்பங்கள் பணம் கட்டினால், போரில் நொந்த ஐரோப்பியக் குடும்பத்துக்கு ஒரு உணவுப் பொட்டலம் போகும். 1946 மே மாதம் முதல் பொட்டலங்கள் பிரான்சில் இறங்கின. அப்படிப் பொட்டலத்தில் தொடங்கிய அதே அமைப்பு, 1991-இல் ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில், மராடி பகுதியில் வேறு ஒன்று செய்தது. பொட்டலம் கொடுக்கவில்லை, கடனும் கொடுக்கவில்லை. பெண்களுக்குக் கூடிச் சேமிக்கும் முறையைக் கற்றுக் கொடுத்தது.

அந்தக் குழு எப்படி நடக்கிறது தெரியுமா? வாரம் ஒரு கூட்டம். ஒரு இரும்புப் பெட்டி. அதற்கு மூன்று பூட்டு. மூன்று சாவி மூன்று பெண்களிடம். பெட்டி ஒருத்தி வீட்டில், சாவி வேறு வேறு வீட்டில். அதனால் கூட்டம் கூடினால்தான் பெட்டி திறக்கும். எல்லோர் கண் முன்னே பணம் எண்ணப்படும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் என்பதால் கணக்கை மனசிலேயே நிறுத்திக்கொண்டார்கள். சேரும் பணத்தை உறுப்பினருக்கே கடன் கொடுத்து, ஏறக்குறைய வருடம் ஒருமுறை வட்டியோடு பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். பிறகு புதுசாகத் தொடங்குகிறார்கள். நோய், சாவு, பேறுகாலத்துக்கு என்று தனியாகச் சிறு நிதியும் பல குழுக்களில் உண்டு.

இந்த முறை ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. இங்கே வெளிநாட்டுக் குடும்பத்தின் நன்கொடை எதற்குச் செலவாகிறது? பயிற்சி தரும் பெண்ணின் சம்பளத்துக்கு, ஒரு பெட்டிக்கு, பூட்டுக்கு, பாஸ் புத்தகத்துக்கு. குழுவின் பணம் முழுக்க அந்தப் பெண்களுடையது. கடனும் அவர்களுடையது, வட்டியும் அவர்களுடையது. வெளியாள் வந்து கதவைத் தட்ட வழியே இல்லை.

வெளியிலிருந்து வரும் பணம் தீர்ந்து போகும். கற்றுக்கொண்ட முறை தீராது. பொட்டலம், பசு, கடன், பயிற்சி ஆகிய நான்கும் நான்கு வகை உதவி. வெள்ளம், போர் என்றால் பொட்டலம்தான் வேண்டும், அங்கே பயிற்சி வகுப்பு நடத்த முடியாது. அந்த அவசரம் முடிந்த பிறகு எது அந்தப் பெண்ணின் கையில் அதிகாரத்தைத் தருகிறதோ, அதுவே நல்ல உதவி என்பது எங்கள் கருத்து.

ஏமாறாதீர்கள்

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "வெளிநாட்டு டிரஸ்ட் பணம் வந்திருக்கு. உங்க குழுவுக்கு 5 லட்சம். முன்பணம் மட்டும் கட்டுங்க" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். உதவி செய்ய வருகிறவர் முதலில் நம்மிடம் காசு கேட்க மாட்டார்.

வெளிநாட்டு நன்கொடை வாங்க ஒரு அமைப்பு 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய உள்துறை அமைச்சகத்தில் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். 2020-இல் வந்த திருத்தத்தின்படி அந்தப் பணம் புது டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. "எங்களுக்கு வந்ததைப் பிரித்து உங்கள் கூட்டமைப்புக்குத் தருகிறோம்" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பேச்சிலேயே கோளாறு இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். ஆதார் நகலும் கையெழுத்தும் கொடுக்கும் முன் கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

நாம் கொடுக்க முடியுமா? முடியும். கொடுத்தும் இருக்கிறோம். 2022-இல் இலங்கையில் பொருளாதாரம் நொறுங்கி, பால் பவுடருக்கும் மருந்துக்கும் மக்கள் தவித்தபோது, தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள் அனுப்ப முடிவு செய்தது. மே மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பல் போனது. பொதுமக்களும் உதவலாம் என்று அரசு கேட்டபோது சாதாரணக் குடும்பங்களும் பணம் அனுப்பின. ஒரு பிடி அரிசி உண்மையாகவே கடல் தாண்டிய கதை அது.

தனியாக ஒரு கிராமத்துக் குழு 200 ரூபாயை வெளிநாட்டுக்கு அனுப்பப் போனால் வங்கிச் செலவே அதைவிட அதிகம் ஆகும். அதனால் கூடிச் செய்வதுதான் வழி. குழுக்கள் யோசிக்கச் சில வழிகள்:

1. சேமிப்பையும் உள்கடன் பணத்தையும் தொடவே கூடாது. தனியாக ஒரு உண்டியல் வைக்கலாம். கூட்டத்துக்கு ஒரு ரூபாய் போதும். 15 பேர், மாதம் 4 கூட்டம் என்றால் 60 ரூபாய். வருடத்துக்கு 720. நூறு குழு சேர்ந்தால் 72,000 ரூபாய்.

2. கட்டாயம் வேண்டாம். போட முடியாதவர் பெயரைக் கேட்கக் கூடாது, எழுதக் கூடாது.

3. எண்ணிய தொகையைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். மூன்று பூட்டு இல்லாவிட்டாலும், எல்லோர் முன்னும் எண்ணும் பழக்கம் வேண்டும்.

4. பங்கு பிரித்துக்கொள்ளலாம். ஒரு பங்கு நம் ஊரில் கணவரை இழந்தவர், முதியவர், படிப்பை நிறுத்திய பிள்ளைக்கு. ஒரு பங்கு தூரத்தில் பேரிடர் வரும்போது கூட்டமைப்பு வழியாக, அரசு நிவாரண நிதிக்கு அல்லது ரசீது தரும் பதிவு பெற்ற அமைப்புக்கு.

5. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். யாருக்காவது உதவ நினைத்தால், அந்த அமைப்பு வட்டி எவ்வளவு வாங்குகிறது, வசூல் எப்படிச் செய்கிறது என்று கேட்டுவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிய அம்மாவின் பிள்ளை கேட்காமல் வேறு யார் கேட்பது?

6. பணம் தவிர நம்மிடம் இருப்பது அனுபவம். பக்கத்து ஊரில் புதுக் குழு தொடங்கினால் நம்மில் இருவர் போய் முதல் மூன்று மாதம் கணக்கு எழுதக் கற்றுக் கொடுக்கலாம். நைஜரில் நன்கொடைப் பணம் செய்த வேலையை நாம் கையாலேயே செய்துவிடலாம்.

குழுவில் பேச

அடுத்த கூட்டத்தில் இந்த மூன்று கேள்வியைப் பேசுங்கள். முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி அடுத்த மாதம் கொண்டு வாருங்கள்.

நாம் வாங்கிய உதவிகளில் நம்மை நிமிர வைத்தது எது, குனிய வைத்தது எது?

நாம் கொடுத்தால், வாங்குபவரிடம் முதலில் என்ன கேட்போம்?

உண்டியல் வைப்பதா, வேண்டாமா? வைத்தால் யாருக்கு?

வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் தவறில்லை. கடன் நெருக்கடியில் இருக்கும் குழு முதலில் தன் உறுப்பினரைக் காப்பாற்றட்டும், அதுவும் தர்மம்தான். முடியும் என்கிற குழுக்கள் தொடங்கட்டும். சிறு துளி பெருவெள்ளம் என்று நாம் சேமிப்புக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். கொடுப்பதற்கும் அதுவே பொருந்தும்.